காயலான் கடை டிஸ்க் பிரேக்கை 1971 அம்பாசிடரில் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 1971 அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். உடைப்புக்குப் போன வேறொரு காரின் முன் டிஸ்க், காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), பூஸ்டரை (பெடல் அழுத்தத்தைக் கூட்டும் பாகம்) வாங்கி மாட்ட மெக்கானிக் தயார். ஆர்.சி.யில் பிரேக் வகையே குறிப்பிடாததால் அனுமதி தேவையில்லை என்கிறார். பிறகு வின்டேஜ் பதிவும் வாங்க ஆசை. சட்டப்படி சரியா?

பதில்: ஆர்.சி. பற்றி அவர் சொல்வது உண்மை, அதிலிருந்து வரும் முடிவு தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52(1), தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரங்களோடு வண்டியை ஒப்பிடச் சொல்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182-ஏ(4) உதிரி பாகம் பொருத்துவதையும் சேர்த்தே சொல்கிறது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ.விடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்த வண்டியின் எந்தப் பாகம், எங்கே எப்படிப் பொருத்தப்படும் என்ற வரைபடம், ஆட்டோமொபைல் பொறியாளரின் அறிக்கை இரண்டையும் இணையுங்கள். இதே மாடலின் பிற்கால வண்டிகளுக்குக் கம்பெனியே முன் டிஸ்க் கொடுத்திருந்தால், அந்தக் கையேட்டுப் பக்கம் உங்கள் மனுவுக்குப் பெரிய பலம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். வேலை முடிந்த 14 நாளுக்குள் மாற்றத்தைத் தெரிவித்து ஆர்.சி.யையும் ஒப்படையுங்கள்.

வின்டேஜ் ஆசைதான் உங்களைச் சிக்கவைக்கும். 2021-ல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜினில் மாற்றம் கூடாது. பிரேக் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பூஸ்டருக்காக ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவர்) வெட்டினாலோ, பிராக்கெட்டைச் சேஸிஸில் வெல்டிங் செய்தாலோ பட்டியலுக்குள் வந்துவிடுவீர்கள். இருக்கும் துளைகளிலேயே போல்ட் போடச் சொல்லுங்கள். கழற்றிய டிரம், பேக் பிளேட், வீல் சிலிண்டர் எதையும் எடைக்குப் போடாதீர்கள். இன்னொன்று: வின்டேஜ் பதிவு வண்டியைக் கண்காட்சி, ராலி, எரிபொருள், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் ஓட்டுவதாக இருந்தால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு டிஸ்க்குக்கு அனுமதி கேளுங்கள். வின்டேஜ்தான் வேண்டுமென்றால் டிரம்மை நல்லபடியாகச் சரிசெய்து விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

பாகங்களைப் பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில், மூல வண்டியின் சேஸிஸ் எண் போட்ட பில்லோடு வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 317-ன் கீழ் 3 ஆண்டு வரை சிறை.

பொறியாளர் அறிக்கையில் சில விஷயங்கள் கட்டாயம் இருக்கட்டும். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில் உள்ள எஞ்சிய அழுத்த வால்வை (பெடலை விட்ட பிறகும் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைப்பது) அப்படியே விட்டால் காலிப்பரின் பேட் டிஸ்க்கை விடாமல் உரசும், சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இல்லையென்றால் அவசரப் பிரேக்கில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். டிஸ்க்கின் தடிமன் அதன்மேல் பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போயிருக்கக் கூடாது. ரப்பர் ஹோஸ், சீல் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும். சாதாரண கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய கோளாறோடு ஓட்டி யாருக்காவது காயம் பட்டால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 190(1) பாயும்: 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் வேலைக்கு முன்பே கடிதம் கொடுத்து, பாலிசியில் மாற்றத்தைப் பதியச் சொல்லுங்கள். மறைத்தால் சொந்த வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குப் பணம் கொடுக்க நேர்ந்தாலும், கொடுத்த தொகையை உங்களிடமிருந்து வசூலிக்க முயல்வார்கள்.