முதலில் பேசியது யார்?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் வயது 36. காதல் திருமணம். நாங்கள் சந்தித்தது சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில். 2011இல் இருவரும் அரசுப் பணித் தேர்வுக்காகச் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் உட்கார்ந்திருப்போம். அந்த நவம்பரில், நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. எல்லோரும் கலங்கிப்போயிருந்தோம். எதிர் மேசையிலிருந்து அவர் எழுந்து வந்து, "இதையும் மூடிவிட்டால் எங்கே போய்ப் படிப்பீர்கள்?" என்று கேட்டார். சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் தப்பியது, எங்கள் பேச்சும் நிற்கவில்லை.

ஆனால் உறவினர் கூடும் இடங்களில் அவர் சொல்லும் கதையே வேறு. "இவள்தான் பேனா கேட்டு வந்தாள். பேனாவோடு என்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமியார் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்ப்பார். சென்ற மாதம் ஒரு வளைகாப்பில் நாத்தனார், "அண்ணி அப்போதே கெட்டிக்காரி" என்றாள். உடம்பு கூசிவிட்டது. வீட்டில் கேட்டால், "நிஜமாகவே நீதான் வந்தாய்" என்று சாதிக்கிறார். பொய் சொல்கிறாரா, மறந்துவிட்டாரா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாம்பரம்.

அன்புள்ள சகோதரிக்கு,

பேனாவும் நடந்திருக்கலாம், நீங்கள் சொல்வதும் நடந்திருக்கலாம். மாதக்கணக்கில் ஒரே கூடத்தில் இருந்தவர்கள், தத்தமக்குத் தித்தித்த இடத்திலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். தவிர, சொல்லச் சொல்ல நினைவு மாறும்; சிரிப்பு வாங்கிய வரி தங்கும், மற்றவை உதிரும். ஆகவே அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனும் சக ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தம்பதியரிடம் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டுத் தொடங்கியது. சொல்லும்போது துணை மீது பாசம் தெரிகிறதா, 'நாங்கள்' என்று பேசுகிறார்களா, ஏமாற்றம் தொனிக்கிறதா என்று கவனித்தார்கள். அதை வைத்தே, மூன்று ஆண்டுகளில் யார் பிரிவார்கள் என்பதைப் பெருமளவு கணிக்க முடிந்தது.

உங்கள் கணவரின் கதையில் பாசம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 'என்னையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்' என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கிறது. அதை யார் முன்னால் சொல்கிறார் என்பதுதான் சிக்கல். ஆண் முதலில் பேசினால் துணிச்சல், பெண் பேசினால் வளைத்துப்போட்டாள் என்று எடைபோடும் சபை அது. சிரிப்பு அவருக்கு, கெட்ட பெயர் உங்களுக்கு. மாமியாரின் அந்தப் பார்வை அவர் மீது விழுவதே இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

யார் முதலில் பேசியது என்ற வழக்கை விட்டுவிடுங்கள். வென்றாலும் பயனில்லை. தனியாக இருக்கும்போது பேனா கேட்ட நாளை முழுவதும் சொல்லச் சொல்லுங்கள், குறுக்கே திருத்தாதீர்கள். எழுந்து வந்து பேசும் துணிவு அவருக்கு அந்தப் பேனாவால்தான் வந்ததோ என்னவோ! பிறகு வளைகாப்பில் நடந்ததைச் சொல்லுங்கள். "உங்கள் அம்மா, உங்கள் தங்கை" என்று தொடங்கினால் அவர் அவர்களுக்காக வாதாடப் போய்விடுவார். "அங்கிருந்து எழுந்து போய்விடலாம் போலிருந்தது" என்று உங்கள் நிலையைச் சொல்லி, இனி உறவினர் முன் அந்தக் கதை வேண்டாம் என்று நேராகவே கேளுங்கள். கேட்ட பிறகும் தொடர்ந்தால் அது நினைவுப் பிசகு அல்ல, உங்களை மதிக்காத செயல். அப்போது இருவருமாக ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.