ஹைகாரி பூல் தீர்ந்துபோவது ஏன்?
நண்பரே, காட்பாடியில் ரயில் இறங்கும் கூட்டம் ரூம் தேடும் நேரத்தில் மட்டும் உங்கள் லாட்ஜ் புக்கிங் ஆப் 30 விநாடி தொங்கி எரர் தருகிறது, டாம்கேட் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்கிறீர்கள். டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்து, கேட்கும்போது கொடுத்துத் திரும்ப வாங்கும் ஜாவா லைப்ரரிதான் ஹைகாரி. அந்த 30 விநாடி அதன் டீஃபால்ட் காத்திருப்பு, அதன் பூலில் (கையிருப்பில்) இருப்பதும் டீஃபால்டாக 10 கனெக்‌ஷன்தான்.

உங்கள் கோடில் ஹைபர்னேட் செஷனை (டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்ட்) மூடும் வரி மெத்தடின் கடைசியில் இருக்கிறது. நடுவில் எக்ஸெப்ஷன் வந்தால் (ஒரே ரூமுக்கு இரண்டு பேர் மோதினால் வரத்தானே செய்யும்) அந்த வரி ஓடவே ஓடாது, கனெக்‌ஷனும் பூலுக்குத் திரும்பாது. செஷனை ட்ரை-வித்-ரிசோர்சஸில் (பிளாக் முடிந்ததும் தானே மூடிவிடும் ட்ரை) திறங்கள், ஆனால் ரோல்பேக்குக்கு (பாதியில் நின்ற மாற்றங்களை ரத்து செய்ய) உள்ளே இன்னொரு ட்ரை-கேட்ச் போடுங்கள், ஏனென்றால் வெளி கேட்ச் ஓடும்போது செஷன் ஏற்கெனவே மூடியிருக்கும்.

பூலை 50 ஆக்கினால் ரீஸ்டார்ட் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அப்புறம் ஒரே செஷனை ஸ்டேட்டிக்காக வைத்து எல்லாருக்கும் பகிரும் யோசனை வேண்டவே வேண்டாம். செஷன் த்ரெட்-சேஃப் கிடையாது (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது), ஆப்புக்கு ஒன்றாக வைக்க வேண்டியது செஷன்களை உருவாக்கும் செஷன்ஃபேக்டரியை. செஷனை மூடிய பிறகு ஜேஎஸ்பி பக்கத்தில் லேசி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் (இன்னும் எடுக்காத டேட்டாவைத் தொட்டால் வரும் எரர்) வந்தால், அந்த டேட்டாவையும் சேர்த்தே எடுக்க குவெரியில் ஜாயின் ஃபெட்ச் போடுங்கள்.

ஹைகாரியில் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டை 10000 (மில்லிவிநாடி) என்று வையுங்கள், 10 விநாடிக்கு மேல் கனெக்‌ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடம் ஸ்டாக் ட்ரேஸோடு லாகில் வந்துவிடும்.