சின்சே சொன்ன ‘ஷாங் ஹான்’ டைபாய்டா?

கேள்வி: சிங்கப்பூரில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வயது 46. பிரஷருக்குத் தினமும் அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறேன். போன வாரம் குளிர்பதனக் கிடங்கில் இரண்டு இரவு வேலை. மறுநாளே உடம்பு வலி, பிடரி இறுக்கம், போர்வைக்குள்ளும் நடுக்கம். தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். நாலாம் நாளிலிருந்து கொஞ்ச நேரம் குளிர், அப்புறம் காய்ச்சல், மறுபடி குளிர் என்று மாறி மாறி வருகிறது. வாய் கசக்கிறது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது. கூட வேலை செய்யும் சீனப் பெரியவர் ஒரு சின்சேயிடம், அதாவது சீன நாட்டு வைத்தியரிடம், அழைத்துப் போனார். அவர் நாடி பார்த்துவிட்டு, “இது ஷாங் ஹான், மூன்றாவது நிலைக்கு வந்துவிட்டது” என்று ஒரு பொடி கொடுத்தார். அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தேடினால் டைபாய்டு என்று வருகிறது. எனக்கு டைபாய்டா? குளிர் இப்படிப் படிப்படியாக உடம்புக்குள் இறங்குமா? இந்தப் பொடியை பிரஷர் மாத்திரையோடு சாப்பிடலாமா?

மருத்துவர் பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே, “நிலை, பொடி எல்லாம் அப்புறம். நாளைக் காலை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்” என்று இரண்டு வரி அனுப்பியிருந்தேன். சிங்கப்பூரில் ஐந்தாம் நாளும் காய்ச்சல் விடவில்லை என்றால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை எனக்கு வேறு யோசனை ஓடாது. டெங்கு இல்லை, தட்டணுக்கள் சரியாக இருக்கின்றன, ஏழாம் நாள் காய்ச்சலும் விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இனி நிதானமாகப் பேசலாம்.

முதலில் டைபாய்டு பயம். உங்கள் கைப்பேசி பொய் சொல்லவில்லை, சின்சேயும் பொய் சொல்லவில்லை. ‘ஷாங்’ என்றால் அடிபடுதல், ‘ஹான்’ என்றால் குளிர். குளிரால் உடம்பு அடிபட்டு வரும் காய்ச்சல்களுக்கெல்லாம் சீன மருத்துவத்தின் பழைய பொதுப்பெயர் அது. பிற்காலத்தில் மேலை மருத்துவம் சீனாவுக்குள் வந்தபோது, டைபாய்டுக்கு இந்தப் பழைய பெயரையே எடுத்து வைத்துவிட்டார்கள். இன்று ஒரு சீன மருத்துவமனைச் சீட்டில் அந்த இரண்டு எழுத்துகள் இருந்தால் அது சால்மோனெல்லா கிருமியால் வரும் டைபாய்டு. சின்சேயின் வாயிலிருந்து வந்தால் பெரும்பாலும் பழைய பொருள்தான். நம்மூரில் பாட்டி “ஜன்னி கண்டிருக்கு” என்று சொன்னால் அது எந்தப் பாடப்புத்தக நோய் என்று என்னால் சொல்ல முடியுமா? அந்த மாதிரிதான் இதுவும்.

அந்தப் பழைய பொருளுக்கு ஒரு நூல் இருக்கிறது: ‘ஷாங் ஹான் லுன்’. சீனாவின் ஹான் பேரரசு (இந்த ஹான் வேறு சொல்) சரிந்துகொண்டிருந்த காலத்தில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதியதன் ஒரு பகுதி. முன்னுரையில் அவர் சொல்வது மனத்தைப் பிசையும். 200 பேருக்கு மேல் இருந்த அவருடைய குலத்தில், 196-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் செத்துப்போனார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது இந்தக் காய்ச்சல்தான் என்கிறார். ஆக, இது சும்மா ஜலதோஷத்துக்கு எழுதிய புத்தகம் இல்லை. கொள்ளைநோயில் சொந்தக்காரர்களைப் பறிகொடுத்தவர், படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை எழுதியது. மூலச்சுவடி சிதறி, பிறகு வேறொருவர் சேர்த்து அடுக்கி, 1065-இல் சீனாவை ஆண்ட வட சோங் அரசு திருத்தி அச்சிட்ட பிரதிதான் இன்றைய பதிப்புகளுக்கு அடிப்படை.

இதில் ஆறு நிலைகள். தாய்யாங், யாங்மிங், ஷாவ்யாங் என்ற முதல் மூன்றும் உடம்பு இன்னும் தெம்போடு சண்டை போடும் நிலைகள். தாய்யின், ஷாவ்யின், ஜுவேயின் என்ற பின் மூன்றும் தெம்பு வடிந்துபோகும் நிலைகள்.

முதல் நிலைக்கு நூல் கொடுக்கும் அடையாளம் ஒரே வரி: நாடி மேலாக மிதக்கும், தலையும் பிடரியும் இறுகி வலிக்கும், குளிரைத் தாங்க முடியாது. உங்கள் முதல் நாள் அப்படியே வந்துவிட்டதா? இதற்குள்ளேயே இரண்டு பிரிவு. வியர்வை கசிந்து, காற்றுப் பட்டாலே கூசுகிறவருக்கு ஒரு கஷாயம். வியர்வையே இல்லாமல் உடம்பெல்லாம் வலித்து மூச்சு இரைக்கிறவருக்கு வேறொரு கஷாயம். முதல் கஷாயத்தில் இருப்பவை உங்கள் வீட்டுச் சமையலறைக்கு அவ்வளவு தூரமில்லை: லவங்கப்பட்டை மரத்தின் இளங்குச்சி, பியோனி வேர், இஞ்சி, அதிமதுரம், சீன இலந்தை. எனக்கு இதில் பிடித்தது மருந்தைவிட அதைச் சாப்பிடச் சொல்லும் முறை. கஷாயத்தைக் குடித்துச் சற்று நேரத்தில் சூடான நீர்த்த கஞ்சி ஒரு கிண்ணம் குடி. இரண்டு மணி நேரம் போர்த்திக்கொள். உடம்பு முழுக்க லேசாக ஈரம் கசிய வேண்டும், தண்ணீராக ஊற்றக் கூடாது. ஊற்றினால் நோய் போகாது. ஒரு வேளையில் குணமானால் மிச்ச மருந்தைக் குடிக்காதே. இறைச்சி, மது, பச்சையானவை, குளிர்ந்தவை வேண்டாம். இத்தனை கறாராக இன்று நாங்கள் யாரும் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை.

இரண்டாவது, யாங்மிங்: குளிர் போய்விடும், கொதிக்கும் காய்ச்சல், வியர்வை, தீராத தாகம், மலச்சிக்கல். மூன்றாவதுதான் உங்கள் சின்சே சொன்ன ஷாவ்யாங். நோய் மேலேயும் இல்லை, உள்ளேயும் இல்லை, நடுவில் மாட்டிக்கொண்டது என்பார்கள். குளிரும் காய்ச்சலும் மாறி மாறி வரும், வாய் கசக்கும், தொண்டை வறளும், விலாப் பக்கம் நிறைந்த மாதிரி இருக்கும், சாப்பாடு பிடிக்காது, குமட்டும். நீங்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்தால் அந்தப் பத்தியைப் படித்துவிட்டு எழுதினது போல இருக்கிறது. சின்சே அவருடைய நூல்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

சரி, குளிர் உள்ளே இறங்குமா? காய்ச்சல் எப்படி வருகிறது என்று பார்த்தால் அவர்கள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்பது புரியும். உடம்பின் வெப்பத்தை மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிடித்து வைத்திருக்கிறது. கிருமி நுழைந்ததும் அது தன் இலக்கை 37 டிகிரியிலிருந்து, ஒரு பேச்சுக்கு, 39-க்கு ஏற்றிவிடும். உடம்போ இன்னும் 37-இல்தான் நிற்கிறது. இரண்டு டிகிரி குறைவு என்று மூளை கணக்குப் போடுவதால் உங்களுக்குக் குளிர்கிறது. தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கும், வியர்வை நிற்கும், தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்கும். 39-ஐத் தொட்டதும் நடுக்கம் அடங்கி அனல் வீசும். இலக்கு இறங்கும்போது வியர்த்துக் கொட்டும். பெரும்பாலான காய்ச்சல்களில் நோயாளிக்கு முதலில் தெரிவது குளிர்தான். தெர்மாமீட்டர் இல்லாத காலத்து மருத்துவர், குளிர்தான் முதலில் உள்ளே புகுந்தது என்று முடிவு கட்டியதில் தப்பென்ன? குளிர் கூச்சம் ஒரு பங்கு இருக்கும்வரை நோய் ஒரு பங்கு மேலோட்டமாகவே இருக்கிறது என்று சீன மருத்துவர்கள் சொல்வார்கள். காய்ச்சல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதை அவர்கள் மொழியில் அழகாகச் சொன்னது அது.

நோயை உண்டாக்கியது கிருமி. கிடங்கில் நீங்கள் நின்றபோதே வைரஸ் மூக்குக்குள் இருந்திருக்கலாம். ஃப்ளூ கிருமி நுழைந்து நோய் வெளியே தெரியவே ஒன்றிலிருந்து நாலு நாள் ஆகும். ஆனால் குளிருக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் முன்பு அடித்துச் சொன்ன மாதிரி இப்போது சொல்வதில்லை. சளி தரும் ரைனோ வைரஸ் 37 டிகிரியைவிட, மூக்குக்குள் இருக்கும் 33 டிகிரியில் நன்றாகப் பெருகும். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்தவர்களுக்கு, வைக்காதவர்களைவிட அடுத்த சில நாளில் சளித் தொந்தரவு அதிகம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், குளிர்தான் காரணம் என்பதை முதலில் மறுத்தவர்களில் சீனர்களும் உண்டு. 1642-இல் ஒரு கொள்ளைநோயைப் பார்த்த வூ யோவ்ஷிங், இது குளிரால் வருவதில்லை, ஒருவகை நச்சுப் பொருள் வாய், மூக்கு வழியாக நுழைகிறது என்று எழுதினார். நுண்ணோக்கி எதுவும் இல்லாமல்!

படிப்படியாக என்ற உங்கள் கேள்விக்கும் அந்த நூலிலேயே பதில் இருக்கிறது. அதற்கும் முந்தைய ஒரு நூல், நாளுக்கு ஒரு நிலையாக ஆறு நாளில் ஆறும் கடக்கும் என்று கணக்குச் சொன்னது. ஜாங் ஜோங்ஜிங் அந்தக் கணக்கோடு நிற்கவில்லை. நாடி அமைதியாக இருந்தால் நோய் அடுத்த நிலைக்குப் போகாது என்கிறார். முதல் நிலைத் தலைவலி ஏழு நாள் போனால் தானாகவே விட்டுவிடும் என்கிறார். சில நேரம் இரண்டு நிலை சேர்ந்தே வரும், முதல் நாளே பின்நிலையில் தொடங்குவதும் உண்டு. அவர் அதிகம் கவலைப்பட்டது குளிரைப் பற்றி இல்லை, மருத்துவர்களைப் பற்றி. வியர்க்க வைக்க வேண்டிய நேரத்தில் பேதிக்குக் கொடுத்தால் என்ன ஆகும், வியர்வையை அளவுக்கு மீறி வாங்கினால் என்ன ஆகும் என்று தப்பு வைத்தியத்தால் கெட்ட கேஸ்களைப் பற்றியே வரிக்கு வரி பேசுகிறார். நோய் ஆழத்துக்குப் போவதில் பாதிப் பழி வைத்தியர் மேல். எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு பாடம் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின் மூன்று நிலைகளில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். தாய்யின் என்பது வயிறு உப்பி, வாந்தியும் பேதியும் ஆவது. சுக்கும் ஜின்செங்கும் கொடுப்பார்கள். ஜுவேயின் பற்றிச் சீன மருத்துவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், விடுங்கள். ஐந்தாவது ஷாவ்யினைத்தான் சொல்கிறேன். நூல் தரும் அடையாளம்: நாடி மெல்லிய நூலாக இருக்கும், நோயாளி எந்நேரமும் தூங்கவே பார்ப்பார். கூடவே கை, கால் சில்லிட்டுப் போகும். இதற்கு எங்கள் பெயர் ஷாக், அதாவது இரத்த ஓட்டம் சரிவது. டெங்குவில் இது எப்போது வரும் தெரியுமா? மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போது. “காய்ச்சல் விட்டுவிட்டது, அசதியில் தூங்குகிறார்” என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும் நேரத்தில். காய்ச்சல் குறைந்தும் வயிறு வலித்து, விடாமல் வாந்தி எடுத்து, கை கால் குளிர்ந்து, கூப்பிட்டால் மந்தமாகப் பதில் சொன்னால், கஷாயமும் வேண்டாம், என் பதிலுக்குக் காத்திருக்கவும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இதே மாதிரி முதல் நிலையின் பிடரி இறுக்கத்திலும் ஒரு கண் வேண்டும். தாடை நெஞ்சைத் தொட முடியாத அளவு கழுத்து விறைத்து, வெளிச்சம் கூசினால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். மாறி மாறி வரும் குளிர் காய்ச்சலை ஷாவ்யாங் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மலேரியாவும், உள்ளே எங்கோ கட்டியிருக்கும் சீழும், சிறுநீர்த் தொற்றும் அதே வேஷத்தில் வரும். ஆறு நிலைக் கணக்கு உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது. அதற்கு இரத்தம் எடுக்கத்தான் வேண்டும்.

இனி பொடி. உங்கள் குறிகளுக்கு அந்த நூல் சொல்வது ‘ஷியாவ் சாய்ஹு’ கஷாயம். உங்களுக்குக் கிடைத்தது அதன் பொடியாகவே இருக்கலாம், சின்சேயிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் அதிமதுரம் உண்டு. அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிரஷரை ஏற்றும். நாலைந்து நாள் சாப்பிட்டதால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. வாரக்கணக்கில் தொடர்வதுதான் ஆபத்து. சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இரட்டிப்பு ஆபத்து. இதே கஷாயத்தை ஜப்பானில் நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளுக்கு நிறையக் கொடுத்தார்கள். சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்து உயிர்களும் போகவே, 1996-இல் அங்கே அரசு அவசர எச்சரிக்கை விட்டது. மூலிகைதானே என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

உங்களைப் போன்றவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது ‘மாஹுவாங்’ இருக்கிறதா என்று. வியர்வை வராத முதல் நிலைக்குக் கொடுக்கும் கஷாயத்தின் தலைமை மூலிகை அது. எஃபெட்ரின் என்ற மருந்தை 1885-இல் ஜப்பானியர் நாகாய் பிரித்தெடுத்தது இதிலிருந்துதான். இதயத்தை ஓட வைக்கும், பிரஷரை ஏற்றும். எஃபெட்ரா, அதாவது இதே மாஹுவாங், கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. எங்கள் ஆங்கில மருத்துவமும் யோக்கியமில்லை: மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் இதன் தம்பி. அதுவும் உங்களுக்கு ஆகாது. பின்நிலைக் கஷாயங்களில் வரும் ‘ஃபூஜி’ பதப்படுத்திய அகோனைட் கிழங்கு; பதம் தப்பினால் இதயத் துடிப்பையே குலைக்கும். அதை வீட்டில் யாரும் காய்ச்ச வேண்டாம்.

காய்ச்சல் விட்டுவிட்டதால் பொடியை நிறுத்துங்கள். “குணமானால் மிச்சத்தைக் குடிக்காதே” என்று அந்த நூலே சொல்லியிருக்கிறது. சின்சே கோபித்துக்கொள்ள மாட்டார். அம்லோடிபினை ஒரு நாளும் விடாதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். மேல் எண் 150-க்கு மேலேயே நின்றால் பாலிகிளினிக்கில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை சின்சேயிடம் போனால், பதிவு பெற்றவரா என்று பார்த்து, உட்கார்ந்ததும் பிரஷர் மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லுங்கள். கிடங்கு வேலைக்கு இன்னும் நாலு நாள் கழித்துப் போனால் போதும். அதுவரை இரவில் சூடான கஞ்சி தாராளமாகக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டும் வேண்டாம்.