பூட்டு உடைந்ததை எழுதிக் கொடுத்தீர்கள், நகை போனதை எழுதிக் கொடுத்தீர்களா?

கேள்வி: ஆறு வருடமாகக் குவைத்தில் இருக்கிறோம். தம்பி கல்யாணத்துக்காக நானும் மகனும், வழியில் ஒரு விமானம் மாறி, சென்னை வந்தோம். பெல்ட்டில் வந்த பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. அங்கிருந்த விமான நிறுவன ஊழியர் ஒரு பாரத்தில் ‘பூட்டு சேதம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகலைக் கொடுத்தார். நேரமாகிவிட்டது, மகன் தூக்கத்தில் அழுதுகொண்டிருந்தான், கிளம்பிவிட்டோம். தஞ்சாவூர் வந்து மறுநாள் திறந்து பார்த்தால், தம்பி மனைவிக்காக அங்கே வாங்கிய 12 பவுன் நகையையும் ஒரு புது மொபைலையும் காணவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குத் தினமும் போன் செய்தேன்; மரியாதை இல்லாமல் பேசினார்கள். பதினோராம் நாள் மெயில் அனுப்பினேன். இப்போது ‘நல்லெண்ண அடிப்படையில்’ 30,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். நகைக்கடை பில் இருக்கிறது. 20 லட்சம் கேட்டு வழக்குப் போடலாம் என்கிறார் என் கணவர். என்ன செய்வது?
தஞ்சாவூர் வாசகி

பதில்: சகோதரி, கல்யாண வீட்டில் இப்படி ஆனது வேதனைதான். ஆனால் போனில் அவர்கள் எப்படிப் பேசினார்கள், மகன் அழுதானா, கல்யாணம் எப்படி நடந்தது என்பதையெல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் வழக்கு ஒரே கேள்வியில் நிற்கிறது: பெட்டி கைக்கு வந்த ஏழு நாட்களுக்குள், உள்ளே இருந்த பொருள் காணவில்லை என்று விமான நிறுவனத்துக்கு எழுத்தில் ஏதாவது போயிருக்கிறதா?

உங்களுடையது சர்வதேசப் பயணம். அதற்கு, விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும். நம் நாட்டில் அது 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாக இருக்கிறது. செக்-இன் பெட்டிக்குச் சேதம் என்றால் கண்டதும் புகார் செய்ய வேண்டும். எப்படியும் ஏழு நாட்களைத் தாண்டக் கூடாது. புகார் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், நிறுவனத் தரப்பில் மோசடி இருந்தாலொழிய, வழக்கே நிற்காது. நூறு தடவை போன் செய்திருந்தாலும் அது எழுத்து ஆகாது.

“அதான் பாரம் எழுதிக் கொடுத்தேனே” என்பீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன எடுத்துக் காட்டுவார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1975-இல் ஃபாதர்கில் என்ற பயணி ரோமிலிருந்து இங்கிலாந்தின் லூட்டன் விமான நிலையத்துக்கு வந்தார். சூட்கேஸ் கிழிந்திருந்தது. அதை அங்கேயே பாரத்தில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு கம்பளிச் சட்டை இல்லை. அதைத் தனியாக ஏழு நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கவில்லை. வழக்கு, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. உள்ளிருந்த பொருளில் கொஞ்சம் காணாமல் போவதும் ‘சேதம்’தான், அதற்கும் ஏழு நாள் கெடு உண்டு, பெட்டி கிழிந்த புகார் பொருள் போன புகார் ஆகாது என்று 1980-இல் தீர்ப்பாகி, அவர் தோற்றார். அது மாண்ட்ரியலுக்கு முந்தைய வார்சா ஒப்பந்தத்தின் கீழ் வந்த தீர்ப்பு, நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்கள் பாரமும் அவருடைய பாரமும் ஒன்றுபோல் இருப்பதை மறுக்க முடியாது.

எனவே முதல் வேலை, உங்கள் போனைத் தேடுங்கள். அந்த ஏழு நாட்களுக்குள் நிறுவனத்தின் செயலியில் சாட் செய்தீர்களா? இணையதளத்தில் புகார்ப் படிவம் நிரப்பினீர்களா? கணவர் குவைத்திலிருந்து ஒரு மெயிலாவது போட்டாரா? காணாமல் போன பொருளைக் குறிப்பிட்டு ஒரு வரி போயிருந்தால்கூட உங்கள் நிலைமை வேறு. விமானம் மாறியதால் எந்த ஊரில் திருடு போனது என்று நீங்கள் நிரூபிக்கவும் தேவையில்லை. ஒரே டிக்கெட்டில் வந்திருந்தால் முதல் நிறுவனத்தையோ கடைசி நிறுவனத்தையோ பொறுப்பாக்கலாம்.

சரி, அப்படி ஒரு வரி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நான் உண்மையில் பயப்படுவது அதற்கு அப்புறம் வருவதற்குத்தான்.

நகைக்கடை பில் இருக்கிறது என்று தெம்பாக எழுதியிருக்கிறீர்கள். 12 பவுன் என்றால் 96 கிராம். ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்பும் பெண், வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய தங்க நகை 40 கிராம், ஆணுக்கு 20. சென்னையில் நீங்கள் எந்த வழியாக வெளியே வந்தீர்கள்? வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய் நகையைக் காட்டி வரி கட்டியதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கட்டப் போயிருந்தால் பெட்டி அங்கேயே திறந்திருக்கும், நகை இல்லாததும் அங்கேயே தெரிந்திருக்கும். ஆகவே ‘வரி கட்ட எதுவும் இல்லை’ என்பவர்கள் போகும் கிரீன் சேனலில்தான் வந்திருக்கிறீர்கள்.

இந்த இடத்தில்தான் வழக்குப் போடுபவர்கள் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். விமான நிறுவனத்தின் பதில் மனு இப்படித்தான் வரும்: “பெட்டியில் 96 கிராம் தங்கம் இருப்பதாக நம்பிய பயணி, 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி அதைச் சொல்லியிருப்பார். சொல்லவில்லை. ஆகவே பெட்டியில் தங்கம் இல்லை.” இதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் சிக்கல். இருந்தது என்றால், வரி கட்டாமல் கொண்டுவர நினைத்தேன் என்று உங்கள் கையெழுத்திலேயே பிரமாணப் பத்திரம் கொடுத்தது போல் ஆகும். இல்லை என்றால் வழக்கே இல்லை. சுங்கத்துறை உங்கள் மேல் நடவடிக்கை எடுக்குமா என்பது அடுத்த விஷயம்; நகை இந்தியாவுக்குள் வரவேயில்லை என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை ஆறு மாதக் கைக்குழந்தையைப் போல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். பயணத்துக்கு முன்னால் நீங்கள் ஆசையாக வாங்கி வைத்த அந்த பில்லைத்தான் முதல் நாளே உங்களிடம் நீட்டுவார்கள்.

இன்னொன்று. பாரத்தில் பூட்டு, மெயிலில் 12 பவுனும் மொபைலும். போலீஸில் புகார் கொடுத்திருந்தால் அதில் என்ன எழுதினீர்கள்? இனி வக்கீல் நோட்டீஸில் கணவர் சொல்வதைக் கேட்டு வாசனைத் திரவியம், கைக்கடிகாரம் என்று சேர்த்தால் மூன்று காகிதத்தில் மூன்று பட்டியல் ஆகிவிடும். பட்டியல் வளர்ந்த வழக்கை எந்த நுகர்வோர் ஆணையமும் நம்பாது. பெட்டியின் எடையை வைத்தும் நகை போனதை நிரூபிக்க முடியாது. மடிக்கணினி போயிருந்தால் பெட்டி எடையில் இரண்டு கிலோ குறைந்து தெரியும். 100 கிராம் தங்கம் போனது விமான நிலையத் தராசில் தெளிவாகத் தெரியாது.

இதையெல்லாம் தாண்டி ஜெயித்தால் எவ்வளவு வரும்? கணவரின் 20 லட்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. செக்-இன் செய்யும்போது மதிப்பைத் தனியாக அறிவித்து, கூடுதல் கட்டணம் கேட்டால் கட்டி வாங்கிய ரசீது இல்லாதவர்களுக்கு, ஒரு பயணிக்கு உச்ச வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் இந்த அளவு. நம் பணத்தில் ஏறத்தாழ 1.8 முதல் 2 லட்சம். உள்நாட்டு விமானத்தில் வந்திருந்தால் வெறும் 20,000 ரூபாய். “ஊழியர்தானே திருடினார், அப்புறம் என்ன வரம்பு” என்று கேட்கலாம். யார் திருடியது, அவர் தன் வேலையின் எல்லைக்குள் இருந்துதான் அதைச் செய்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அது நடக்காத காரியம்.

ஆகவே என் யோசனையைப் பட்டென்று சொல்கிறேன். ஏழு நாட்களுக்குள் போன எழுத்து எதுவும் இல்லையென்றால் சமரசத்துக்குப் போங்கள். 30,000-ஐ உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். மொபைல் பில்லையும், உடைந்த பெட்டியின் விலையையும் வைத்து ஒரு மரியாதையான மெயில் அனுப்பி, தொகையைக் கூட்டிக் கேளுங்கள். கொஞ்சம் ஏற்றினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஏற்றாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் கொடுக்கும் காகிதத்தில் ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்று இருக்கும். கையெழுத்துப் போட்டால் நகைக்கான உரிமையும் அதோடு முடிந்தது. அது தெரிந்தே போடுங்கள். போட்ட பிறகு ஆணையத்துக்குப் போய் “புரியாமல் கையெழுத்திட்டேன்” என்றால் எடுபடாது.

ஏழு நாட்களுக்குள் ஒரு வரி போனது கிடைத்தால், வழக்குப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். சுங்க விஷயத்தை அவரிடம் மறைக்காதீர்கள். பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று நாளைக் கடத்தவும் வேண்டாம். விமானம் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மெயில் போக்குவரத்து அந்தக் கணக்கை நிறுத்தாது. இரண்டு வருடம் கழித்துத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒப்பந்தத்தின்படி இழப்பீட்டு உரிமையே அழிந்துவிடுகிறது.

அதுவரை நகைக்கடை பில்லை யாருக்கும் மெயிலில் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்த மெயிலின் பிரதியோடு வக்கீலிடம் போங்கள்.