கேள்வி–பதில்: கட்டுவதற்கு முன் யாரைக் கேட்பது?

ஒரு கட்டடத்தில் வாழப்போகிறவர்களும் வேலை செய்யப்போகிறவர்களும் அதன் வடிவமைப்பில் பங்கெடுப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ‘பாங்கு மொழி’ (pattern language) என்ற சொல்லை அதில் விளக்காமல் விட்டுவிட்டது என் பிழை. வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியவையாக இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘பாங்கு’ என்று நீங்கள் சொல்வது கடைகளில் கிடைக்கும் மாதிரி வரைபடத் தொகுப்பைப் போன்றதுதானா? வேறு என்றால் எப்படி?

வேறுதான். மாதிரி வரைபடத்தில் அறையின் நீள அகலம் இருக்கும், கதவு எங்கே என்று இருக்கும். ஏன் அங்கே என்பது மட்டும் இருக்காது. உங்கள் மனையின் திசையோ குடும்பத்தின் அளவோ மாறினால், எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அந்த வரைபடத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும், சாரா இஷிகாவா, மர்ரே சில்வர்ஸ்டீன் முதலிய அவருடைய சகாக்களும் 1977இல் வெளியிட்ட ‘A Pattern Language’ என்ற நூலில் 253 பாங்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் எந்தச் சூழலில் எந்தச் சிக்கல் திரும்பத் திரும்ப எழுகிறது என்று முதலில் சொல்லி, அதற்கான காரணத்தை ஆராய்ந்து, பிறகு தீர்வின் சாரத்தை மட்டும் தருகிறது. ஊரின் அமைப்பில் தொடங்கி, தெரு, வீடு, அறை என்று இறங்கி, சாளர ஓரத்து இருக்கை வரையில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருப்பதால்தான் அதற்கு மொழி என்று பெயர்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆறடிக்குக் குறைவான ஆழமுள்ள பால்கனியை யாரும் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை என்பது அந்த நூலின் 167ஆவது பாங்கு. மூன்றடிப் பால்கனி உள்ள வீட்டில் இருப்பவர்கள் இதை இன்றே சோதித்துப் பார்க்கலாம். ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் முழங்கால் கைப்பிடிச் சுவரில் இடிக்கும். இரண்டாவது நாற்காலியை எதிரே போட இடமிருக்காது, பக்கத்தில்தான் போட வேண்டும். பிறகு இருவரும் பேருந்துப் பயணிகளைப் போல ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும். நடுவே ஒரு சிறு மேசை வைப்பது பற்றி நினைக்கவே வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அங்கே கொடிக்கயிறும் உடைந்த வாளியும்தான் இருக்கும். இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவர், ஆறடிக்கு வழியில்லாத இடத்தில் பால்கனியின் ஒரு பகுதியை அறைக்குள் உள்வாங்கி ஆழத்தைச் சம்பாதிக்கலாம் என்று தாமே கண்டுபிடித்துவிடுவார்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும் என்பது. ஒரே சாளரம் உள்ள அறையில் அந்தச் சாளரத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பவருடன் பேசிப் பாருங்கள். அவர் முகம் நிழலாகிவிடுகிறது. நீங்கள் சொன்னதை அவர் ரசித்தாரா, முகம் சுளித்தாரா என்று தெரிவதில்லை. இன்னொரு பக்கத்திலிருந்து சிறிது ஒளி விழுந்தால் கண்கூச்சம் குறைகிறது, முகம் திரும்பக் கிடைக்கிறது.

எங்கள் பள்ளிக்குப் புதிய கட்டடம் எழுப்புகிறோம். ஆசிரியர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டதில் நீண்டதொரு பட்டியல் வந்துவிட்டது. கட்டடக் கலைஞர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். பங்கேற்பு என்பது இதுதானா?

கட்டடக் கலைஞர் சிரித்தது சரியல்ல. ஆனால் உங்கள் கேள்வியும் சரியாக அமையவில்லை. ‘என்ன வேண்டும்’ என்று கேட்டால் எவரும் தாம் ஏற்கெனவே பார்த்த ஒரு பொருளின் பெயரைத்தான் சொல்வார். அங்கே என்ன செய்கிறீர்கள், எந்த இடத்தில் அது தடைப்படுகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

பட்டியலில் ‘ஆசிரியர் அறை பெரிதாக வேண்டும்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏன் என்று மூன்று ஆசிரியர்களுடன் உட்கார்ந்து பேசினால், ஒருவர், மாணவனைப் பற்றிப் பெற்றோரிடம் மெல்லச் சொல்ல வேண்டிய செய்தியை அத்தனை பேர் நடுவில் சொல்ல நேர்கிறது என்பார். இன்னொருவர், அந்தப் பேச்சு காதில் விழுவதால் நோட்டுத் திருத்த முடியவில்லை என்பார். அப்படியானால் அவர்கள் கேட்பது பெரிய அறையை அல்ல. இருவரோ மூவரோ தணிந்த குரலில் பேசுவதற்கு, வழியில் போகிறவர் கண்ணில் படும்படியாகவும் காதில் விழாதபடியும் ஒதுங்கிய ஒரு மூலையை. பெரிய அறையாகவே கட்டிக் கொடுத்திருந்தால் இரைச்சல் இன்னும் கூடியிருக்கும். இப்போது கிடைத்ததை நான்கு வாக்கியங்களில், சிக்கல், காரணம், தீர்வு என்ற வரிசையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ‘எங்கள் துறையில் இது நடப்பதில்லை’ என்று ஒருவர் மறுக்கட்டும், இன்னொருவர் திருத்தட்டும். அந்தச் சண்டைக்குப் பிறகும் நிற்பதுதான் உங்கள் பள்ளியின் பாங்கு. நீண்ட பட்டியல் இப்படிச் சுருங்கும்போது, ஒன்றோடொன்று முரண்படுவதாகத் தோன்றிய பல கோரிக்கைகள் ஒரே சிக்கலின் வெவ்வேறு முகங்கள் என்பதும் தெரியவரும்.

ஜப்பானில் டோக்கியோவுக்கு அருகே இருமா என்ற இடத்தில், 1980களின் முதற்பாதியில் அலெக்சாண்டர் எய்ஷின் பள்ளி வளாகத்தைக் கட்டியபோது இந்த வழியில்தான் தொடங்கினார். ஆசிரியர்களையும் மாணவர்களையும் தனித்தனியே சந்தித்து, அவர்கள் மனத்தில் இருக்கும் வளாகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லி, நடக்கும்போது கண்டதைக் கேட்டறிந்து அந்த வளாகத்துக்கே உரிய பாங்கு மொழி ஒன்றை முதலில் எழுதினார்கள். அதன் பிறகு, தேயிலைச் செடிகள் நின்ற அந்த நிலத்திலேயே கழிகளில் சிறு கொடிகளைக் கட்டி நட்டு, வாயில் எங்கே, முற்றம் எங்கே என்று நடந்து பார்த்து முடிவு செய்தார்கள். நீங்களும் தாளில் வரைவதற்கு முன் மனையில் முளையடித்துக் கயிறு கட்டிப் பாருங்கள். வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர்கூட, கயிற்றுக்குள் நின்றதும், ‘இவ்வளவு சின்னதா?’ என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வியைத் தளம் போட்ட பிறகு கேட்டால் ஆகும் செலவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி முடித்த பின்னும் இது நிற்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் யூஜீன் நகரிலுள்ள ஓரிகன் பல்கலைக்கழகம் 1970களில், முழுப் பெருந்திட்ட வரைபடம் ஒன்றைத் தயாரிப்பதற்குப் பதிலாக, பாங்குகளின் தொகுப்பு ஒன்றையும் சில நெறிகளையும் ஏற்றுக்கொண்டது. கட்டடத்தைப் பயன்படுத்தும் ஆசிரியரும் மாணவரும் அலுவலரும் கொண்ட குழுவே வடிவமைப்பை முன்னின்று நடத்தும். பணம் ஒரு சில பெருங்கட்டடங்களில் முடங்காமல் பல சிறு வேலைகளுக்கும் பிரிக்கப்படும். வளாகத்தில் எந்த இடம் உயிரோடு இருக்கிறது, எது வாடிக் கிடக்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு பரிசோதனை நடக்கும். அந்தப் பல்கலைக்கழகத்தின் வளாகத் திட்டத்தில் பாங்குகளுக்கு இன்னும் இடமிருக்கிறது.

நான் கட்டடக் கலைஞன். எல்லாவற்றையும் பயன்படுத்துபவர்களே முடிவு செய்தால் ஐந்தாண்டுப் படிப்பும் அனுபவமும் எதற்கு?

தங்கள் கோபம் புரிகிறது. ஆனால் தீர்வைக் கைதூக்கி வாக்கெடுப்பில் முடிவு செய்யுமாறு யாரும் கேட்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று நோயாளிதான் சொல்ல முடியும், மருந்தை அவர் எழுத முடியாது. மக்கள் தாம் பார்த்தவற்றுக்குள் மட்டுமே கற்பனை செய்வார்கள் என்பதும் உண்மை. அவர்கள் பார்க்காததைக் காட்டுவது தங்கள் வேலை. பிரஸ்ஸல்ஸ் அருகே மருத்துவ மாணவர்களுக்கான விடுதிகளை 1970களில் கட்டிய லூசியன் க்ரோல், மாணவர்களோடு உட்கார்ந்தே திட்டமிட்டார். உள்ளே தடுப்புகளை நகர்த்திக்கொள்ளும்படி அமைத்ததும், ஒன்றைப் போல் ஒன்று இராத சாளரங்களை ஒரே முகப்பில் பொருத்தியதும் மிகுந்த தொழில்நுட்ப அறிவைக் கோரும் வேலைகள். பங்கேற்பு அங்கே கட்டடக் கலைஞரின் சுமையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

253 பாங்குகளையும் கடைப்பிடித்தாக வேண்டுமா?

வேண்டியதில்லை. நூலாசிரியர்களே தங்களுக்கு முழு நம்பிக்கை உள்ளவற்றுக்கு இரண்டு உடுக்குறிகளும் (**), ஓரளவு நம்பிக்கை உள்ளவற்றுக்கு ஒன்றும் இட்டு, மற்றவற்றை வெறுமனே விட்டிருக்கிறார்கள். கட்டடங்கள் நான்கு மாடிக்கு மேல் உயரக்கூடாது என்ற பாங்கை நெருக்கடியான நகரத்தில் அப்படியே கொள்ள முடியுமா என்பதில் எனக்கும் ஐயம் உண்டு. தேவையானதை எடுத்து, இல்லாததை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் மென்பொருள் எழுதுகிறவள். நிரலில் திரும்பத் திரும்ப வரும் சிக்கலுக்கான தீர்வை நாங்கள் ‘டிசைன் பேட்டர்ன்’ என்போம். அது இங்கிருந்துதான் வந்தது என்கிறார்களே?

ஆம். 1987இல் கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் இந்தச் சிந்தனையை நிரல் எழுதும் துறைக்குக் கொண்டுவந்தார்கள். நால்வர் எழுதி 1994இல் வந்த ‘Design Patterns’ என்ற நூலில் 23 பாங்குகள் இருந்தன. 1995இல் கன்னிங்ஹாம் உருவாக்கிய முதல் விக்கிக்கும், அதாவது யாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையதளத்துக்கும், பாங்குகளைச் சேகரிப்பதே நோக்கம். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெக்கும் கன்னிங்ஹாமும் செய்த முதல் சோதனையில், ஐந்தே ஐந்து பாங்குகளைக் கொண்டு திரையின் அமைப்பை வடிவமைத்தவர்கள் நிரலாளர்கள் அல்லர், அந்த மென்பொருளைப் பயன்படுத்தப்போகிற துறை வல்லுநர்கள். பின்னாளில் பாங்குகள் நிரலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறியாகிவிட்டன. பயனர் வெளியே போய்விட்டார்.

எங்கள் குடியிருப்பைப் புதுப்பிக்கும் முன் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினார்கள். போனால், முடிந்த வரைபடம் மேசைமேல் இருந்தது. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இதற்கு ஏதாவது பெயர் உண்டா?

உண்டு. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க அறிஞர் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். ஏமாற்றி இணங்க வைப்பது அதன் அடிப்படி. வெறுமனே தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. அதிகாரம் மக்கள் கைக்கு வருவது மேற்படிகளில்தான். உங்கள் கூட்டம் எந்தப் படி என்பதை நீங்களே சொல்லிவிடலாம். நானும் ஒரு முறை இப்படி ஒரு கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் முடிவுக்கு விடப்பட்டது வெளிச்சுவரின் வண்ணம் ஒன்றுதான், அதிலும் இரண்டு வண்ணங்களே இருந்தன. அடுத்த முறை அழைத்தால் செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். பணம் எதற்குப் போகிறது என்று தெரியாதவரிடம் கேட்கும் கருத்து ஒப்புக்குக் கேட்பதுதான்.

நல்ல எண்ணத்தோடு செய்தாலும் முழு வெற்றி உறுதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பைக்கர் குடியிருப்பை வடிவமைத்த ரால்ஃப் எர்ஸ்கினின் குழு, அந்தப் பகுதியிலேயே சவ அடக்கக் கடையாக இருந்த ஓரிடத்தில் அலுவலகம் திறந்து, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பேசலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. அப்படிக் கட்டிய பைக்கர் இன்று பாதுகாக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆயினும் இடிப்பும் கட்டுமானமும் ஆண்டுக்கணக்கில் இழுத்ததில், பழைய குடிகளில் சிறு பகுதியினரே புதிய வீடுகளுக்குத் திரும்பினார்கள். வடிவமைப்பில் பங்கு கொடுத்தவர்களால், எந்தத் தெருவை எப்போது இடிப்பது என்ற கால அட்டவணையில் பங்கு கொடுக்க முடியாமல் போயிற்று.

வாடகைக்கு விடுவதற்காக வீடுகள் கட்டுகிறேன். யார் குடிவருவார் என்றே தெரியாதபோது யாரைக் கேட்பது?

இன்று கேட்க முடியாதவருக்கு நாளை மாற்றிக்கொள்ள இடம் விடுவதே வழி. டச்சுக் கட்டடக் கலைஞர் ஜான் ஹாப்ராக்கன் 1961இலேயே இதை முன்வைத்தார்: நெடுங்காலம் நிற்கும் தாங்கு சட்டகம் எல்லோருக்கும் பொதுவானது, உள்ளே நிரப்புவது அந்தந்தக் குடும்பத்துக்கு உரியது. சிலியின் இக்கிக்கே நகரில் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலிமென்டல் குழு, ஏறத்தாழ நூறு குடும்பங்களுக்கு இருந்த மானியப் பணத்தில் முழு வீடு கட்ட முடியாது என்று கண்டபோது, குடும்பத்தார் தாமாகக் கட்டிக்கொள்ளக் கடினமான பாதியை, அதாவது சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பொதுச்சுவர் ஆகியவற்றை மட்டும் கட்டி, மறுபாதிக்கு வெற்றிடம் விட்டது. உயரமான அடுக்குமாடி வேண்டாம் என்று அந்தக் குடும்பங்கள் உறுதியாக மறுத்திருந்தன. அதில் பின்னால் ஓர் அறைகூடச் சேர்க்க முடியாது என்பதே காரணம்.

உங்கள் அளவில் செய்யக்கூடியது எளியது. பாரத்தைத் தூண்களும் வெளிச்சுவர்களும் தாங்கட்டும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒரே செங்குத்துப் பாதையில் இறங்கட்டும். அறைகளைப் பிரிக்கும் தடுப்புகளில் மின்கம்பியையோ குழாயையோ புதைக்காதீர்கள். முதலில் குடிவருபவர் இரண்டு அறைகளை ஒன்றாக்கக் கேட்டால், தச்சரை அழைத்தால் போதும், பொறியாளரைத் தேட வேண்டியிருக்காது.