இடியாய் இறங்கும் சர்வீஸில் ரசிக்க என்ன இருக்கிறது?

டென்னிஸில் பெரிய சர்வீஸை, அதாவது புள்ளியைத் தொடங்கும் முதல் அடியை, நம்பி ஆடும் வீரர்களை நான் விரும்பிப் பார்ப்பவன் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மறுப்புகள்தாம். மறுப்பவர்கள் ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பவர்கள் என்பது கேள்விகளிலேயே தெரிகிறது. ஆகவே இயன்றவரை விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ஒருவர் சர்வீஸ் போடுகிறார், பந்து எதிராளியின் மட்டையைத் தொடாமலே வேலியில் போய் மோதுகிறது, புள்ளி முடிந்துவிடுகிறது. இதில் பார்ப்பவனுக்கு என்ன கிடைக்கிறது?

இப்படி எதிராளி தொடாமலே புள்ளியாகும் சர்வீஸுக்கு ஏஸ் என்று பெயர். ஒரு ஏஸைத் தனியாக எடுத்துக்கொண்டால் அதில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவர்களுடைய ஆட்டத்தில் நான் பார்ப்பது ஏஸை அல்ல. வாய்ப்பு என்பது அங்கே எவ்வளவு அரிதாகிவிடுகிறது, அந்த அரிதான வாய்ப்பு வரும்போது இருவரும் என்ன ஆகிறார்கள் என்பதைத்தான். நடாலும் ஜோகோவிச்சும் மோதியபோது ஒருவர் தன் சர்வீஸை இழந்தால், அதாவது அவர் சர்வீஸ் போடும் கேமை எதிராளி முறியடித்து வென்றால், அடுத்த கேமிலேயே ஈடுகட்டிவிட முடிந்தது. பெரிய சர்வீஸ்காரருக்கு எதிராக ஆடுபவருக்கோ ஒரு செட் முழுவதிலும் ஒரே ஒரு முறை 30-40, அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் அந்தக் கேம் தனக்கு என்ற நிலை, வரலாம், வராமலும் போகலாம். அந்த ஒரு புள்ளிக்காக முக்கால் மணி நேரம் சலிக்காமல், கால்கள் தளராமல், ஒவ்வொரு சர்வீஸையும் இதுதான் கடைசி வாய்ப்பு என்பதுபோல் எதிர்கொண்டு நிற்க வேண்டும்.

இதை நான் தொலைக்காட்சியில் கற்கவில்லை. 2012 ஜனவரியில் நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓபன் இறுதியாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 21 வயது மிலோஸ் ராவ்னிச் ஒருபுறம், யாங்கோ டிப்சாரெவிச் மறுபுறம். மூன்று செட்டும் 6-6 எனச் சமமாகி, முடிவு காணும் டைபிரேக்கருக்குப் போயின. 6-7, 7-6, 7-6 என ராவ்னிச் வென்றார். அந்தத் தொடர் முழுவதும் அவருடைய சர்வீஸை ஒருவராலும் முறியடிக்க முடியவில்லை. ஆட்டம் மூன்று மணி நேரத்தைத் தாண்டிய பிறகும் அரங்கில் ஒருவரும் எழுந்து போகவில்லை. டிப்சாரெவிச் ரிட்டர்னுக்கு, அதாவது சர்வீஸைத் திருப்பி அடிக்க, நிற்கும் இடத்தை ஓரடி முன்னும் ஓரடி பின்னுமாக மாற்றிக்கொண்டே இருந்ததை, பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் எனக்குச் சுட்டிக்காட்டினார். அன்றுமுதல் சர்வீஸ் போடுபவரைவிட எதிரில் நிற்பவரின் கால்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். நீங்களும் அப்படிப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் உயரத்தால் வருவதுதானே? ஏழடி மனிதன் மேலிருந்து அடித்தால் யார்தான் எடுப்பார்கள்? இதில் திறமைக்கு என்ன இடம்?

உயரம் தரும் லாபத்தைக் கணக்கிட்டே காட்டலாம். ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனிலிருந்து வலை 11.885 மீட்டர் தொலைவில் இருக்கிறது. வலையின் நடு உயரம் 91.4 சென்டிமீட்டர்; வலைக்கு அப்பால் சர்வீஸ் கட்டத்தின் ஆழம் 6.40 மீட்டர். பந்து நேர்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டால், 2.8 மீட்டர் உயரத்தில் பந்தைத் தொடுபவருக்குக் கட்டத்தின் ஆழத்தில் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர் மட்டுமே இலக்காகக் கிடைக்கும். 3.2 மீட்டரில் தொடுபவருக்கு அது 1.65 மீட்டர் ஆகிவிடுகிறது. புவியீர்ப்பும் பந்தின் முன்சுழற்சியும் பந்தைக் கீழே இழுப்பதால் உண்மையில் இரண்டுமே இதைவிடக் கூடும் என்றாலும், நெட்டையரின் லாபம் பெரியது என்பதில் மாற்றமில்லை. அதோடு, செங்குத்தாக இறங்கும் பந்து எதிராளியின் தோளுக்கு மேல் எகிறும் தொல்லையும் உண்டு.

ஆனாலும் 211 சென்டிமீட்டர் உயர இவோ கார்லோவிச்சை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பீட் சாம்ப்ராஸின் உயரம் 185 சென்டிமீட்டர்தான். அவர் ஏழு விம்பிள்டன் பட்டங்களை வென்றதற்குக் காரணம், எந்தத் திசையில் சர்வீஸ் போடப்போகிறார் என்பதைப் பந்தை மேலே எறியும் விதத்திலிருந்து யாராலும் ஊகிக்க முடியாததும், முதல் சர்வீஸ் தவறிய பிறகும் இரண்டாவதை அஞ்சாமல் ஓங்கி அடித்ததும்தான். வேகம் மட்டுமே போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சாம் குரோத் சான்று. 2012இல் பூசானில் மணிக்கு 263 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வீஸ் போட்ட அவரால் தரவரிசையில் முதல் 50 இடங்களுக்குள் ஒருபோதும் வர முடியவில்லை.

கேள்வி: சர்வீஸைப் படிக்க முடியும் என்கிறார்களே, அரை நொடியில் எதைப் படிப்பது?

பந்தைப் பார்த்த பிறகு முடிவெடுக்க நேரமில்லை என்பதால்தான் சர்வீஸ் போடுபவரின் உடலைப் படிக்கிறார்கள். அமெரிக்க வீரர் ஆந்த்ரே அகாஸி பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னது புகழ்பெற்றது. போரிஸ் பெக்கரிடம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற அவர், பழைய பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சர்வீஸ் போடுவதற்கு முன் பெக்கரின் நாக்கு நீளும் திசையிலேயே பந்தும் போகிறது என்று கண்டுபிடித்தாராம். அதன் பிறகு ஆடிய 11 ஆட்டங்களில் 10 அகாஸிக்கு. பந்து போகும் திசை தெரிந்தும், தெரிந்ததைப் பெக்கர் உணர்ந்துவிடக் கூடாது என்பதற்காக முக்கியமான புள்ளிகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தினார் என்பதுதான் எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

கேள்வி: இஸ்னர், கார்லோவிச் போன்றவர்களை 'சர்வ்பாட்', அதாவது சர்வீஸ் போடும் இயந்திரம் என்று ரசிகர்கள் அழைப்பதை நீங்கள் எதிர்க்கிறீர்களா?

எதிர்க்கிறேன். அவர்களுடைய ஆட்டத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. இஸ்னரைப்போல் 208 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் தாழ்ந்து வரும் பந்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் ஓடி, மீண்டும் நடுவுக்கு வருவது கடினம், எதிராளியின் சர்வீஸை அவர்கள் அரிதாகவே முறியடித்தார்கள். ஆனால் தன் உடலுக்கு எது இயலும், எது இயலாது என்று அறிந்து, இயன்ற ஒன்றை உலகில் வேறு எவரையும்விடச் சிறப்பாகச் செய்து 20 ஆண்டுகள் உழைத்தவரை இயந்திரம் என்பது நியாயமாகப் படவில்லை. 2003 விம்பிள்டனில், தன் முதல் கிராண்ட்ஸ்லாம் ஆட்டத்திலேயே கார்லோவிச் நடப்புச் சாம்பியன் ஹெவிட்டைச் சந்தித்தார். முதல் செட்டை 1-6 என இழந்து, அடுத்த மூன்றையும் 7-6, 6-3, 6-4 என வென்றார். முதல் செட்டில் அவ்வளவு கலங்கி, பிறகு தேறி எழுவது மனிதர்க்கே உரியது.

கேள்வி: ஐந்தாம் செட் 70-68 என்று முடிந்த இஸ்னர்-மஹூ ஆட்டத்தை நீங்கள் கொண்டாடுவீர்களா? நான் அதைப் பார்க்க முயன்று தூங்கிவிட்டேன்.

நீங்கள் தூங்கியதில் பிழையில்லை. அது 2010 விம்பிள்டனின் முதல் சுற்று. ஜூன் 22 முதல் 24 வரை மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம் நடந்தது. இஸ்னர் 113 ஏஸ்களும் மஹூ 103 ஏஸ்களும் அடித்தனர். மொத்த ஆட்டத்திலும் மூன்றே முறைதான் சர்வீஸ் முறியடிக்கப்பட்டது. 47-47 ஆனபோது மின்னணு ஸ்கோர் பலகையே நின்றுபோனது. சாதனையாக அதை மதிக்கிறேன். ஆனால் பெரிய சர்வீஸின் அழகை ஒருவருக்கு அறிமுகப்படுத்த அதைக் காட்டமாட்டேன், ஏனென்றால் ஐந்தாம் செட்டில் ஒரு கட்டத்துக்குப் பிறகு இருவருக்கும் ரிட்டர்னுக்கு ஓடும் சக்தி இல்லாமல் போய்விட்டது. எதிர்ப்பு மங்கிய இடத்தில் சர்வீஸின் மதிப்பும் மங்கிவிடும். அந்த ஆட்டம் இஸ்னரை எந்த அளவுக்கு உறிஞ்சியது என்றால், அடுத்த சுற்றில் தீமோ டி பாக்கரிடம் 0-6, 3-6, 2-6 எனத் தோற்ற அவரால் ஒரு ஏஸ்கூட அடிக்க முடியவில்லை.

2018 அரையிறுதியில் இஸ்னரும் கெவின் ஆண்டர்சனும் ஐந்தாம் செட்டை 26-24 வரை இழுத்த பிறகு, 2019இல் விம்பிள்டன் கடைசி செட்டுக்கும் 12-12இல் டைபிரேக்கரைக் கொண்டுவந்தது. இப்போது நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் கடைசி செட்டில் 6-6 ஆனால் 10 புள்ளி டைபிரேக்கர்தான். அந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன்.

கேள்வி: அப்படியானால் எந்த ஆட்டத்தைக் காட்டுவீர்கள்?

2009 விம்பிள்டன் இறுதியாட்டம், ஃபெடரரும் பெரிய சர்வீஸ்காரரான ஆண்டி ராடிக்கும். முதல் செட் ராடிக்குக்கு. இரண்டாவது செட்டின் டைபிரேக்கரில் அவர் 6-2 என முன்னிலையில் இருந்தார். நான்கு செட் புள்ளிகள் கையில். நான்கும் நழுவின. 6-5இல் வலைக்கு முன்னேறி, பந்து தரையில் படுமுன்பே அவர் அடித்த பேக்ஹேண்ட் வாலி கோட்டுக்கு வெளியே விழுந்தது. அதன் பிறகும் அவர் உடையவில்லை. ஐந்தாம் செட்டில் இரண்டாவதாகச் சர்வீஸ் போடும் நெருக்கடியைச் சுமந்தபடியே 14-14 வரை தாக்குப்பிடித்தார். ராடிக்கின் சர்வீஸ் அன்று ஒரே ஒரு முறைதான் முறியடிக்கப்பட்டது. அது ஆட்டத்தின் 77ஆவது கேம், கடைசிக் கேம். ஃபெடரர் 16-14 என வென்றார். அதுவரை எல்லாச் சர்வீஸ் கேமையும் காத்தவர் ஒன்றை இழந்ததும் எல்லாம் போயிற்று. நீண்ட ரேலிகளை மட்டுமே ரசிக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த வலியை வேறு எந்த வகை ஆட்டம் கொடுக்கும்? அன்று 50 ஏஸ் அடித்தவர் ஃபெடரர், ராடிக் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பெண்கள் ஆட்டத்தில் இந்த வகையே இல்லையே, ஏன்?

இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2012 விம்பிள்டனில் செரீனா வில்லியம்ஸ் 102 ஏஸ்கள் அடித்துப் பட்டம் வென்றார். அரையிறுதியில் அசரென்காவுக்கு எதிராக மட்டும் 24. என் பார்வையில் செரீனாவின் சர்வீஸ்தான் இதுவரை நாம் கண்டவற்றில் மிக அழகானது. அவசரமில்லாமல், ஒரே அளவாகப் பந்தை மேலே எறிந்து, உடலின் எந்தப் பகுதியையும் முறுக்கித் திணறாமல் அடிப்பார். இன்னும் ஒரு புள்ளி போனால் கேமே போய்விடும் என்ற பிரேக் புள்ளியில் பின்தங்கி நிற்கும்போது வரும் ஏஸ் தன் மீதுள்ள நம்பிக்கையின் வெளிப்பாடு. அவரிடம் அதைக் கண்டதுபோல் நான் வேறு எவரிடமும் கண்டதில்லை. ரைபாகினாவின் சர்வீஸையும் பாருங்கள்.

கேள்வி: விம்பிள்டன் புல்லை மாற்றிப் பெரிய சர்வீஸ்காரர்களைத் திட்டமிட்டே ஒழித்தார்கள் என்கிறார்களே?

1994 இறுதியில் சாம்ப்ராஸும் கோரான் இவானிசெவிச்சும் சர்வீஸையே நம்பி ஆடிய விதம் சலிப்பூட்டுகிறது என்று அன்று பலர் குறைபட்டது உண்மை. 2001இல் விம்பிள்டன் புல்தரையை முழுக்க ரை புல்லுக்கு மாற்றியதும் உண்மை. அதற்கு முன் 70 சதவீதம் ரை, 30 சதவீதம் ஃபெஸ்க்யூ புல். புதிய தரை உறுதியானது, தேய்மானத்தைத் தாங்குவது. பந்து அதில் சற்று உயரமாக எழும்பியதால் எதிராளிக்கு எடுக்க எளிதானது. தரையின் ஆயுள்தான் நோக்கம் என்று நிர்வாகம் சொன்னதை நான் நம்புகிறேன். விளைவு எதுவாயினும், 2002 இறுதியில் ஹெவிட்டும் நல்பாண்டியனும் சர்வீஸுக்குப் பின் வலைக்கு ஓடாமல் பேஸ்லைனிலேயே நின்று ஆடினார்கள்.

கேள்வி: ரமேஷ் கிருஷ்ணனைப் பார்த்து வளர்ந்தவன் நான். சர்வீஸ் என்பதே அவரிடம் பெயருக்குத்தான் இருந்தது. அவரை ரசித்த கண்ணால் இஸ்னரை எப்படி ரசிப்பது?

நானும் அவரைக் கொண்டாடியவன்தான். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் உலகின் முதல்நிலை வீரரான விலாண்டரை அவர் நேர் செட்களில் வீழ்த்தியது, பந்தை இடம் பார்த்து, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கி வைக்கும் கையால்தான். அவர் தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனதும் அந்தக் கையின் பலத்தால்தான். தன்னிடம் இல்லாததை நினைத்து ஏங்காமல், இருப்பதைக்கொண்டு ஒரு முழு ஆட்டத்தையும் கட்டி எழுப்பினார்களே, அதைத்தானே நாம் ரசித்தோம்? இஸ்னரும் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேலையைத்தான் செய்தார்.

கேள்வி: ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு முயற்சிக்குப் பதில் ஒரே ஒரு சர்வீஸ்தான் என்று விதியை மாற்றினால் பிரச்சினை தீராதா?

தீராது. நான் மிகவும் நேசிக்கும் ஒன்று, அதாவது இரண்டாவது சர்வீஸ், அதனால் செத்துப்போகும்.

கேள்வி: இரண்டாவது சர்வீஸ் மீது உங்களுக்கு ஏன் இவ்வளவு பற்று?

2001 விம்பிள்டன் இறுதியாட்டத்தின் கடைசிக் கேமைப் பார்த்தீர்களானால் புரியும். இவானிசெவிச் அதற்கு முன் 1992, 1994, 1998 என மூன்று இறுதிகளில் தோற்றவர். அந்த ஆண்டு தோள்வலியோடு, தரவரிசையில் 125ஆம் இடத்தில், வைல்டு கார்டு என்ற சிறப்பு அனுமதியின் தயவில் உள்ளே வந்தார். ஹென்மனுடனான அரையிறுதி மழையால் மூன்று நாள் நீண்டது. இறுதியாட்டம் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போனது. பாட்ரிக் ராஃப்டருக்கு எதிராக ஐந்தாம் செட்டில் 8-7 என முன்னிலை பெற்று, பட்டத்துக்காகச் சர்வீஸ் போட வந்தார். அந்தத் தொடரில் 200க்கும் மேற்பட்ட ஏஸ்களை அடித்த அதே கை, வென்றால் பட்டம் என்ற சாம்பியன்ஷிப் புள்ளியில் இரண்டு சர்வீஸையும் தவறவிட்டு இரட்டைத் தவறு செய்தது. அடுத்த சாம்பியன்ஷிப் புள்ளியிலும் இரட்டைத் தவறு. மூன்றாவதில் ராஃப்டர் அவர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டுத் தப்பினார். நான்காவதில் முதல் சர்வீஸ் மீண்டும் தவறியது. இரண்டாவதை அவர் போட்டார். ராஃப்டரின் ரிட்டர்ன் வலையில் விழுந்தது. இவானிசெவிச் புல்லில் முகம் பதித்து விழுந்தார்.