மீண்டெழும் பிள்ளைகள்

கேள்வி: ஓயாமல் சண்டையிடும் பெற்றோரிடம் வளரும் குழந்தைகளின் எதிர்காலம் பாழாகிவிடும் என்கிறார்களே, ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றனவா?

பதில்: இல்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகியோர் 40 வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். வறுமை, குடும்பப் பூசல், பெற்றோரின் மனநோய் எனப் பல நெருக்கடிகளை ஒருசேரச் சுமந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் பரிவும் உள்ளவர்களாகவே வளர்ந்தனர். அவர்களுக்குப் பெற்றோர் தர இயலாத அரவணைப்பைப் பாட்டியோ அண்ணனோ ஆசிரியரோ தந்திருந்தனர். பதின்பருவத்தில் தடுமாறிய பலரும் முப்பதுகளில் மீண்டனர் என்பதுதான் என்னை மிகவும் நெகிழ வைத்த செய்தி. ஆகவே, சண்டை மூண்ட இரவில் அறை மூலையில் ஒடுங்கும் பிள்ளையின் அருகில் யாரேனும் ஒருவர் அமர்ந்து, அதன் கையைப் பற்றிக்கொள்வதைச் சிறிய உதவியாக எண்ணிவிடாதீர்கள்.